இலேசான காருக்கு ஏற்ற வில்லும் தணிப்பானும்



தங்கவயல் சுரங்கத்தில் பணிபுரிந்த பெரியவர்கள் ஒன்றை நன்கு அறிவார்கள். ஆழத்தில் நிற்கும் கூண்டில் நாலுபேர் ஏறினால் கூண்டு சற்றே தாழ்ந்து அசையும். மேல்மட்டத்தில் அத்தனை தாழ்வதில்லை. கயிறு அதே எஃகுக் கயிறுதான். தொங்கும் நீளம் கூடக் கூட அதன் விறைப்புக் குறைகிறது. 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீப்பில் அவ்வளவு தூரமும் ஒரே கயிற்றில் இறங்கவில்லை. அடுத்தடுத்த குழிகளின் வழியாகவே இறங்கினார்கள். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. எனினும் அந்தக் கயிறு காட்டிய உண்மை மோட்டார் காரின் சக்கரத்தடியிலும் இருக்கிறது.

காரைத் தாங்கும் சுருள்வில் என்பது சுருட்டி வைத்த நீண்ட கம்பியே. காரின் உயரத்தைக் குறைக்க விரும்பி, சிலர் பட்டறையில் வில்லின் ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்கள். வேலை செய்யும் சுற்றுகள் எட்டில் ஒன்று போனால் வில் ஏறக்குறைய 14 சதவிகிதம் விறைத்துவிடுகிறது. கம்பியின் பருமனோ இன்னும் பொல்லாதது. 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 மில்லிமீட்டர் போட்டால், மற்ற அளவுகள் மாறாதிருக்க, விறைப்பு 38 சதவிகிதம் ஏறும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர்!

இதனால் என்ன கெடுதி என்று கேட்கலாம். கனமான கார் இத்தகைய பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலேசான விளையாட்டுக் கார் பொறுக்காது. வில் மிஞ்சி விறைத்தால் மேடு கண்ட இடத்தில் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தரையில் படாத சக்கரம் திரும்பவும் செய்யாது, பிரேக்குக்கும் கட்டுப்படாது. வளைவிலே உயிர் அந்த உள்ளங்கை அகல ரப்பரில்தான் இருக்கிறது.

இலேசான காரைக் கட்டும் முயற்சிக்கு நம்மவர் அந்நியரல்லர். 1980களின் இறுதியில் கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை அமைத்தார். 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தொடக்க நாட்களில் ஓட்டியது அந்த வகைக் காரே. தங்கவயலிலும் லேத்தும் வெல்டிங்கும் கைவந்த குடும்பங்கள் பல உண்டு. 1964இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸின் தொழிற்சாலையும் இங்கே இருக்கிறது. ஆனால் மண்வாரி இயந்திரத்தின் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

கணக்கு கடினமன்று. ஓட்டுபவர் உட்பட 600 கிலோ எடையுள்ள காரை எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளிலும் சமமாகப் பகிர்ந்தால் மூலைக்கு 150 கிலோ. சக்கரம், பிரேக் முதலிய, வில்லின் கீழே தொங்குபவற்றுக்கு 25 கிலோ கழித்தால், வில் தாங்குவது 125 கிலோ. சுகமான கார் ஒரு வினாடிக்கு ஒரு முறையோ சற்றே கூடுதலாகவோ மேலும் கீழும் அசையும். தெருவில் ஓடும் விளையாட்டுக் காருக்கு ஒன்றரை முறை தகும். அந்த அசைவுக்கு, நிற்கும்போது வில் 11 சென்டிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும்; இது இயற்கையின் விதி. ஆகவே சக்கரத்தினிடத்தில் வேண்டிய விறைப்பு சென்டிமீட்டருக்கு 11 கிலோவுக்குச் சற்று மேல்.

இதோடு கடைக்கு ஓடிவிடலாகாது. வில் சக்கரத்தின் நேர் மேலே நிற்பதில்லை. உள்ளே தள்ளி, கையின் நடுவில் நிற்கிறது. சக்கரம் பத்து அங்குலம் எழ, வில் ஏழு அங்குலமே அமுங்குமானால், 0.7ஐ அதனாலேயே பெருக்கி, வரும் 0.49ஆல் வகுக்க வேண்டும். வாங்க வேண்டிய வில் சென்டிமீட்டருக்கு 23 கிலோ! பெருக்கலை ஒரு முறையோடு நிறுத்தி ஏமாறுபவர்களே அதிகம்.

'விளையாட்டுக் கார் என்றால் முதுகெலும்பு நோக வேண்டும்' என்பது வீண் எண்ணம் என்பது என் அபிப்பிராயம். 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் 700 கிலோவுக்கும் குறைவான கார். மென்மையான வில்லோடு வளைவில் ஒட்டிச் செல்வதில் அது பெயர் பெற்றது. மிகவும் தளர்ந்த வில்லும் ஆகாது. அது அடிக்கடி ரப்பர்க் கட்டையில் போய் முட்டும், முட்டிய கணத்தில் வில்லே இல்லாத காராகிவிடும்.

இனித் தணிப்பான். பட்டறையில் ஷாக் அப்சார்பர் என்பார்கள். அது எடையைத் தாங்குவதில்லை. சிறு துளைகளின் வழியே எண்ணெயைத் தள்ளி, வில்லின் ஆட்டத்தை வெப்பமாக்கிக் கரைக்கிறது. சக்கரம் மேலெழும்போது வில்லே எதிர்க்கிறது. வில் விரியும்போது, அது சேமித்த சக்தியை அடக்க வேறு ஆள் இல்லை. எனவே பெரும்பாலும் விரியும் பக்கத்தில் தணிப்பு அதிகமாக வைக்கப்படுகிறது. அதையும் அளவு மீறினால், அடுத்தடுத்து மேடு வரும் சாலையில் வில் நீளக் காலமின்றிக் கார் படிப்படியாகத் தாழ்ந்துபோகும். வில்லை மாற்றினால் தணிப்பானையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழையதையே விட்டுவைப்பது சிக்கனமாகத் தோன்றலாம், ஆனால் விறைத்த வில்லை அதனால் அடக்க முடியாது.

மூலையை அழுத்தி விடுங்கள். எழுந்து, சிறிது மிஞ்சி, அமைந்தால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் தணிப்புப் போதாது. இந்தச் சோதனையைக் காலையில் குளிர்ந்த காரில் மட்டும் செய்யாதீர்கள். பத்துக் கிலோமீட்டர் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டி, எண்ணெய் சூடேறி இளகியபின், ஓட்டுபவர் இருக்கையில் இருக்க, மீண்டும் அழுத்திப் பாருங்கள்.