கிணறு யாருக்கு? பயிர் யாருக்கு?
(பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பங்குக் கிணற்றுக்காகப் பங்காளிகள் வழக்காடுவதை நாம் கண்டிருக்கிறோம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். வென்றவரும் இருப்பார், தோற்றவரும் இருப்பார். ஆனால் இறைப்பு முறை தவறியதும் வாடிப்போவது, எவர் பக்கமும் சேராத பயிரே. மணமுறிவிலே பிள்ளைகளின் நிலையும் அதுவே.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், ஒருவரின் குற்றத்தை மற்றவர் நிரூபித்தாலே மணவிலக்கு என்று வகுத்தது. ஆகவே கணவனும் மனைவியும் மன்றிலே ஒருவர்மீது ஒருவர் சேற்றை வாரி இறைத்தனர். அந்தச் சேறு பிள்ளையின் நெஞ்சிலும் தெறித்தது.

தாயின் கல்வி

படித்த தாய் தன் காலில் நிற்கிறாள். மன்றிலிருந்து வரும் கடிதத்தைத் தானே வாசிக்கிறாள். வசதியுள்ள பெற்றார் தம் பிள்ளையைப் பராமரித்தே ஆகவேண்டுமென 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் கூறுவதையும், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் அது இடமளிப்பதையும் அறிகிறாள். நீதவான் நீதிமன்றின் படியேறுகிறாள். எழுத்தறியாத தாயோ அண்ணன் தம்பியின் தயவை நாடித் தாய்வீடு திரும்புகிறாள். அவள் பிள்ளை புத்தகத்தை வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்குகிறது.

பட்டம் மட்டும் போதுமா?

போதாது! பெர்னார்டி, ராடல் என்னும் ஆய்வாளர் இருவர் 14 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2014இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். பெற்றோர் பிரிந்தால் பல்கலைக்கழகப் பட்டம் பெறும் வாய்ப்பில் ஏற்படும் இழப்பு, உயர்கல்வி கற்றோரின் பிள்ளைகளுக்கே அதிகம் என்பதே அது. இதில் வியப்பில்லை. உள்ளவனிடமே இழப்பதற்கு உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ அந்த வாய்ப்பு முதலிலேயே அரிது. அது ஆறுதலன்று, அநீதி!

ஆதலால் பட்டதாரித் தந்தையரும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியை விட்டுப் பிரிந்தவர் பிள்ளையின் பாடப் புத்தகத்தை விட்டும் பிரிந்துவிடலாமா?

நாம் செய்ய வேண்டியவை

கலியாணப் பேச்சு வந்ததும் மகளின் படிப்பை நிறுத்தும் வழக்கத்தை நாம் ஒழிக்க வேண்டும். பிள்ளைக்குக் கொடுக்கும் பணம் பிச்சையன்று, கடன் என்பதை உணர வேண்டும். சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் பிறந்தது. இலங்கை அதனை 1991இல் ஏற்றது. தன்னைப் பற்றிய முடிவிலே பிள்ளையின் குரலும் கேட்கப்பட வேண்டுமென்கிறது அது. சட்டம் கற்ற அன்பர்கள் கிராமந்தோறும் சென்று இவற்றை எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டும்.

பெரியோர்களே! கிணறு யாருக்கென்பதைப் பின்னர் தீர்க்கலாம். பயிருக்கு இன்றே தண்ணீர் வேண்டும்.