நாவறட்சி



திருச்சி தென்னூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மிஷினோடு படுத்திருந்துவிட்டு வருவார். போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறுகிற எடை பெரும்பாலும் உடம்பில் தங்கிய தண்ணீர்தான். "என்னங்கய்யா, மூணு கிலோ ஏறியிருக்கு?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். வீட்டிலோ, "சொன்னா எங்க கேக்குறார்? யாருக்கும் தெரியாம தண்ணி குடிக்கிறார்" என்று குறைபடுவார்கள்.

பாவம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு எச்சில் ஊறுவதில்லை.

நல்ல உடம்புள்ளவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்குக் கீழே என்று மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் அந்த வேலையைச் செய்கின்றன. சிறுநீரகம் கெட்டவர்களில் பலருக்கு இந்தச் சுரப்பிகள் தளர்ந்துபோகின்றன. தண்ணீர்க் கட்டுப்பாடு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை நோய் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இட்லி விண்டு போட்டாலும் தொண்டையில் இறங்காது.

ரத்தத்தில் யூரியா கூடும்போது எச்சிலிலும் கூடும். வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றிவிடும். இரும்பைச் சப்பியது போன்ற ருசியும், பக்கத்தில் உட்காருபவர் முகம் திருப்பும் நெடியும் அதனால்தான். பல் துலக்காத குற்றமென்று நினைத்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். பல்லில் காரையும் அதிகம் படியும். ஈறு வீங்கி ரத்தம் கசியும்.

வாய் காய்ந்தால் கை சொம்பைத் தேடும். குடித்த தண்ணீர் சிறுநீராகப் போக வழியில்லாமல் காலில் வீக்கமாகவும், நெஞ்சில் மூச்சுத் திணறலாகவும் வந்து நிற்கும். தாகத்தைக் கிளப்புவதில் உப்புக்கு நிகர் வேறில்லை. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தாலே பாதித் தாகம் அடங்குமென்பது நான் கண்கூடாகப் பார்த்தது. திருச்சி வெயிலுக்கு இதமாக இருக்குமென்று அன்போடு இளநீர் வெட்டிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலுள்ள பொட்டாசியம் இவர்களுடைய இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும்.

சரி, வறண்ட வாய்க்கு என்னதான் செய்வது? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், சூயிங்கம் மென்ற டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தாகமும் வாய் வறட்சியும் தணிந்தன. சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். வெற்றிலை பாக்கு இதற்கு மாற்றாகாது. பாக்கு புற்றுநோயைக் கொண்டுவரும்.

நம் பெரியவர் வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரைக் காலையிலேயே வீட்டம்மா ஒரு சொம்பில் ஊற்றி வைத்துவிடுவார். பக்கத்தில் ஓர் உத்தரணி. வாய் காயும்போது பெரியவர் ஓர் உத்தரணி எடுத்து நாக்கில் விட்டு, கன்னத்துக்குக் கன்னம் புரட்டி, மெதுவாக விழுங்குவார். கண்ணை மூடிக்கொண்டு அவர் அதை ருசிப்பதைப் பார்க்க வேண்டும்! காவிரி ஓடுகிற ஊரில் நாமெல்லாம் தண்ணீரை அப்படி ஒரு நாளும் குடித்ததில்லை.

காரையும் ஈறு வீக்கமும் வருமென்பதால் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். ஆகவே பல் பிடுங்குவதென்றால் டயாலிசிஸுக்கு மறுநாள்தான் ஏற்றது. வலிக்கிறதே என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் வாயிலுள்ள புண், சீழ், சொத்தையை அறுவைக்கு முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். பிறகு உட்கொள்ளும் மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைத்துவிடும்.

உங்கள் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால், இன்று அவரை வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பாருங்கள். அடுத்த முறை போகும்போது, பல் டாக்டரை என்றைக்குப் பார்க்கலாமென்று சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு வாருங்கள்.