மலைச்சரிவும் மறைந்த நகரமும்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் பெருவீதியிலே ஏறத்தாழ ஆறு மைல் தொலைவில் அக்குறணை அமைந்துள்ளது. வீதியோரம் நெருங்கிய கடைகள். அருகே பிங்கா ஓயா. அப்பால் கமுகும் பலாவும் மிளகுக்கொடியும் செறிந்த மலைச்சரிவுகள். இக்காட்சியைத் தீட்ட முனையும் ஓவியனுக்கு முதற்சோதனை பச்சை நிறமே. முன்னே கபிலம், நடுவே பச்சை, தொலைவிலே நீலம் என்று ஐரோப்பியக் கலைக்கூடங்கள் வகுத்த முறை, நண்பகல் வெயிலிலே இங்கு செல்லாது. எங்கும் பச்சை, ஒன்றையொன்று விழுங்கும் பச்சை.

இச்சோதனையை 1887 இல் மார்த்தினிக்குத் தீவிலே எதிர்கொண்டவர் போல் கோகன் என்னும் பிரெஞ்சு ஓவியர். ஆங்கு அவர் தீட்டிய ‘வெப்பமண்டலத் தாவரங்கள்’ என்னும் ஓவியம் எடின்பரோவிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கின்றது. பச்சையைத் தனியே விடாது, செம்மஞ்சளும் சிவப்பும் நீலமும் பக்கத்திலே நிறுத்தி, குறுந்தீற்றல்களால் சரிவை நெய்திருக்கிறார். காண்பதை நகலெடுக்காது நிறத்தால் கட்டியெழுப்பும் இப்போக்கு ‘பின் மனப்பதிவு வாதம்’ எனப்படும். 1910 இல் றொஜர் ஃபிறை என்னும் திறனாய்வாளர் சூட்டிய பெயர் அது. 1903 இலேயே மறைந்த கோகன் அதனைக் கேட்டதேயில்லை!

அவ்வோவியத்திலே ஒரு குறையும் உண்டு. குடாக்கரையிலே பரபரப்பாயிருந்த சென் பியர் நகரத்தை அவர் முற்றாக நீக்கிவிட்டார். தொலைவிலே பெலே எரிமலை மட்டும் அமைதியாய் நிற்கின்றது. 1902 மே 8 ஆம் நாள் அம்மலை வெடித்து அந்நகரத்தை உண்மையாகவே அழித்தது. ஓவியத்திலோ அது பதினைந்தாண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டது. வந்து போகும் விருந்தினனுக்கு மனிதரற்ற சோலை இனிக்கலாம். ஊரவனுக்கு அது பாதிக் காட்சியே.

இப்புதிய ஓவிய நோக்கை இலங்கையிலே பரப்பியவர்களுள் முதன்மையானவர், 1920 இல் வந்து கல்வித் திணைக்களத்தின் பிரதம சித்திரப் பரிசோதகராய்ப் பணியாற்றிய சார்ள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர். அவரால் ஊக்கம் பெற்றோருள் ஒருவர், 1901 இல் கண்டியிலே பிறந்த ஜோர்ஜ் கீற். ஐரோப்பியப் பாடத்தை ஏற்றும் கீற் அதனுடன் நின்றுவிடவில்லை. பொறளை கோதமி விகாரையிலே 1939-40 இல் புத்தர் வாழ்வைச் சுவரோவியமாகத் தீட்டினார். 1943 இல் ‘நாற்பத்துமூன்று குழு’வினருடன் இணைந்தார். மலைநாட்டிலே வளர்ந்த அவரது தூரிகையில் மனிதர் மறையவில்லை. நிலத்தை ஒதுக்கிவிட்டு அவர்களே திரையை நிறைத்தனர்.

அக்குறணைச் சரிவைத் தீட்டப்போகும் மாணவன் முன்னே இவ்விரு வழிகளும் உள்ளன. ஆயினும் மலை, கடைவீதி, மழைக்காலத்திலே கரைமீறி அக்கடைகளுள் புகும் பிங்கா ஓயா ஆகிய மூன்றையும் ஒரே திரையில் அவன் எவ்வாறு அமைப்பான் என்பதைக் கோகனும் சொல்லித்தரவில்லை, கீற்றும் சொல்லித்தரவில்லை.