மிச்சம் இருக்கிற கைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"மனசு உடைஞ்ச நேரத்தில் எது தாங்குச்சு" என்ற தலைப்பில் நான் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. அதனால் எழுதி வைத்துப் படிக்கிறேன். நான் கிறிஸ்தவள். நம்ம கூட்டமைப்பில் பாண்டி கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போறவங்க இருக்கீங்க, தர்காவுக்குப் போறவங்க இருக்கீங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க இருக்கீங்க. யாரையும் என் மதத்துக்குக் கூப்பிடுவதற்காக நான் பேச வரவில்லை. ஆனால் என்னைத் தாங்கினது என் விசுவாசம். அதை மறைச்சுட்டு இந்தத் தலைப்பில் பேச எனக்குத் தெரியாது.

முதலில் ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் மேரி வர்கீஸ். 1925-ல் கேரளாவில் பிறந்தவங்க. நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் படித்து அங்கேயே டாக்டராக இருந்தாங்க. 1954 ஜனவரியில் கூட வேலை பார்க்கிற டாக்டர்களோடு வண்டியில் வெளியே போனபோது அந்த வண்டி கவிழ்ந்துவிட்டது. மேரி அம்மாவுக்கு முகத்தில் பலமான அடி. அதைவிட, முதுகுத் தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அப்போது அவங்களுக்கு வயது 28. இனி எழுந்து நடக்கப் போறதில்லை என்று மெல்ல மெல்லத் தெரிந்தது.

அடுத்தவங்களைக் குணமாக்கப் படித்தவங்க, தானே படுக்கையில் கிடக்கிறாங்க. சின்ன வயசு. கல்யாணம் ஆகவில்லை. யோசித்துப் பாருங்க. அவங்களும் அழுதாங்க, கடவுளிடம் ஏன் ஏன் என்று கேட்டாங்க. பக்தி உள்ளவங்களுக்கு மனசு உடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

அந்த மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். அவர் வெள்ளைக்காரர், ஆனால் பிறந்தது நம்ம கொல்லிமலையில். தொழுநோய் வந்தவங்களுக்கு விரல்கள் மடங்கிப் போய்விடும் இல்லையா, அந்தக் கையை ஆபரேஷன் பண்ணி மறுபடி விரியவும் பிடிக்கவும் வைத்தவர் அவர். நல்லா வேலை செய்கிற தசையிலிருந்து ஒரு நரம்பு மாதிரியான நாரை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றித் தைப்பது அந்த ஆபரேஷன். மேரி அம்மாவிடம் அவர் சொன்ன யோசனை இதுதான்: கை ஆபரேஷனை நின்றுகொண்டுதான் செய்யணும் என்று இல்லை, உட்கார்ந்தே செய்யலாம். உங்க கைகள் நல்லாத்தானே இருக்கு?

அந்த ஒரு கேள்வியில் மேரி அம்மா வாழ்க்கை திரும்பிவிட்டது. சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குப் போய், தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்கிற டாக்டர் ஆனாங்க. ஊரும் உறவும் ஒதுக்கி வைத்த அந்த நோயாளிகள், தங்களைப் போலவே அடிபட்ட ஒரு டாக்டர் சக்கர நாற்காலியில் வருவதைப் பார்க்கிறாங்க. வேறு யார் சொல்லியும் வராத தைரியம் அவங்களைப் பார்த்ததும் வந்திருக்கும்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய், அடிபட்டவங்களை மறுபடி வாழ வைக்கிற மறுவாழ்வு மருத்துவத்தைப் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினாங்க. அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றாங்க. 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவங்க அங்கே தங்கி, உட்காரவும், நாற்காலிக்கு மாறவும், தன் வேலையைத் தானே பார்க்கவும் பழகிக்கிறாங்க. வீட்டு ஆள் ஒருத்தரும் கூடவே இருந்து கற்றுக்கொள்கிறாங்க. 1972-ல் அரசாங்கம் மேரி அம்மாவுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986-ல் காலமானாங்க. அந்த நிலையம் இன்றைக்கும் அவங்க பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்க. மேரி அம்மாவுக்குக் கால் திரும்பி வரவே இல்லை. 1954-ல் உட்கார்ந்தவங்க கடைசி வரை எழுந்து நடக்கவில்லை. ஆனால் அவங்களால் எத்தனையோ பேர் எழுந்து உட்கார்ந்தாங்க.

மேரி அம்மா படித்த அந்தக் கல்லூரி எப்படி வந்தது என்பதும் பெண்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஏறக்குறைய 130 வருடத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் வந்தாங்க. மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆம்பளை டாக்டர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மூன்று பேருமே சொல்லிவிட்டாங்க. ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப் போயிட்டாங்க. இதைக் கடவுள் தன்னைக் கூப்பிட்ட குரலாக எடுத்துக்கொண்ட ஐடா, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900-ல் திரும்பி வந்தாங்க. 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அந்தப் பள்ளிதான் வளர்ந்து மேரி அம்மா படித்த கல்லூரி ஆனது. மூன்று சாவுக்கு நடுவில் ஒருத்தி எடுத்த முடிவு, அத்தனை வருடம் கழித்து மேரி அம்மாவையும் தாங்கியது.

இனி என் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மதுரையில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். உயிர் தப்பிச்சது. தண்டுவடம் தப்பவில்லை. பெரியவனுக்கு அப்போது எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து திண்ணையை ஒட்டின அறையில் படுக்க வைத்தோம். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சொல்வாங்க. அப்படித்தான் இருந்துச்சு. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்திருப்பார். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். "என்னை ஏன் காப்பாத்தினீங்க" என்று ஒரு நாள் கேட்டார். எனக்கும் ராத்திரியில் தப்பான நினைப்பெல்லாம் வந்தது.

பார்க்க வந்தவங்க சிலர், "என்ன பாவம் செஞ்சீங்களோ" என்று கேட்டாங்க. எங்க வேதத்தில் யோபு என்று ஒருத்தர் கதை இருக்கு. சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போன பிறகு மூன்று சிநேகிதர்கள் பார்க்க வருவாங்க. ஏழு நாள் ராப்பகலாக அவர் கூடத் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள்தான். பிறகு வாயைத் திறந்து, நீ தப்பு செஞ்சதால்தான் இப்படி என்று ஆரம்பிப்பாங்க. முடிவில் கடவுள் கோபப்பட்டது அந்தச் சிநேகிதர்கள் மேலேதான், யோபு மேலே இல்லை. கஷ்டத்தில் இருக்கிறவங்க வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாதீங்க. பக்கத்தில் உட்காருங்க, அது போதும்.

என் குழு அப்படித்தான் செய்தது. தீர்மான நோட்டில் எழுதி, மூணு மாசத்துக்கு என் கடன் தவணையைத் தள்ளி வைத்தாங்க. முறை போட்டு ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சாப்பாடு கொண்டு வந்தாங்க. ஒரு அக்கா, விடியக் காலையில் மல்லிகைப்பூ பறிக்கப் போறவங்க, மத்தியானம் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ரெண்டு மணி நேரம் தூங்கு தாயி" என்பாங்க. அவங்க மீனாட்சியம்மனைக் கும்பிடுறவங்க. நான் இயேசுவைக் கும்பிடுறவள். அந்தத் தூக்கத்தை எனக்குக் கொடுத்தது கடவுள்தான் என்று நான் நம்புகிறேன். கொண்டு வந்தது அந்த அக்கா.

எங்க சபை ஐயரம்மா வாரம் ஒரு தடவை வந்து ஜெபம் பண்ணுவாங்க. அவங்கதான் மேரி டாக்டர் கதையைச் சொன்னாங்க. இவர் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, "அந்த டாக்டரம்மா ஆபரேஷன் பண்றப்ப எப்படி உட்கார்ந்திருப்பாங்க?" என்று கேட்டார். அதுதான் பல வாரம் கழித்து அவராகக் கேட்ட முதல் கேள்வி.

திருமங்கலத்தில் சொந்தக்காரர் ஒருவர் மோட்டார் காயில் கட்டுற கடை வைத்திருக்கிறார். அது உட்கார்ந்து கையால் செய்கிற வேலை. அவர் வீட்டுக்கே வந்து கற்றுக் கொடுத்தார். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து தண்ணி மோட்டாரும் ஃபேனும் எங்க வீட்டுக்கு வருது. முன்னால் வாங்கின கூலியில் பாதி அளவுக்குத்தான் வருமானம். சில நாள் இன்னும் அவருக்கு மனசு இருண்டுபோகும். நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.

அவர் நடக்கணும்னு நான் ஜெபித்தேன். நடக்கவில்லை. அப்படியானால் ஜெபம் வீணா? சிலுவையில் தொங்கினபோது, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டாரா என்று கேட்டவர் இயேசு. அந்த வலியும் அந்தக் கேள்வியும் தெரிந்த சாமியைத்தான் நான் கும்பிடுகிறேன். அதனால் அவர் முன்னால் நான் நடிக்க வேண்டியதில்லை. அழுதுகொண்டே ஜெபிக்கலாம், கோபமாகவும் ஜெபிக்கலாம். போனதைத் திருப்பிக் கொடு என்று கேட்டவள், இன்றைக்கு மிச்சம் இருக்கிறதைக் காட்டு என்று கேட்கப் பழகினேன். கை இருந்தது. குழு இருந்தது. பிள்ளைகள் இருந்தாங்க. என் விசுவாசம் எனக்குக் கொடுத்த நம்பிக்கை இதுதான்.

விசுவாசம் இருக்கு என்பதற்காக வைத்தியத்தை விடக்கூடாது. மேரி அம்மா விசுவாசி, டாக்டரும்கூட. நம்ம ஊர்களில் சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்து படுத்திருக்கிறவங்க இருக்காங்க. அந்த வீட்டுப் பெண்களுக்காக, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. படுத்திருக்கிறவரை ராத்திரியிலும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கணும். நாற்காலியில் இருந்தால் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கணும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். அது உயிருக்கே ஆபத்து.

2. இடுப்பு, முதுகு, குதிகால் மூன்றையும் தினமும் பார்க்கணும். சிவந்திருந்தாலே அந்த இடத்தில் எடை விழாமல் பார்த்துக்கணும். உணர்ச்சி இல்லாத காலில் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

3. சிறுநீர் டியூப் இருந்தால் சுத்தம் முக்கியம். காய்ச்சல், குளிர், கலங்கின சிறுநீர் என்றால் உடனே டாக்டரிடம் காட்டணும்.

4. கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்டுப் போங்க. அடையாள அட்டை, சக்கர நாற்காலி, மாத உதவித்தொகைக்கு அங்கே மனு கொடுக்கலாம். கட்டட வேலைக்குப் போறவங்க எல்லாரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்து வைத்துக்கணும்.

5. செத்துவிடலாம் என்ற நினைப்பு யாருக்கு வந்தாலும் மறைக்காமல் ஒருத்தரிடம் சொல்லுங்க. 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். பணம் கிடையாது.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் படுத்திருக்கிறவங்க யார் யார், அவங்களைப் பார்த்துக்கிறது யார் என்று ஒரு பட்டியல் எடுக்கணும். பார்த்துக்கிற பெண்ணுக்கு மாதத்தில் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்க, குழுவில் முறை போடணும். நம்ம கூட்ட அறை வாசலில் மூன்று படி இருக்கு. அதன் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சாய்தளம் கட்டணும். அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்த வழியாகவும் ஆட்கள் உள்ளே வரணும்.

திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்பாங்க. அந்தத் தெய்வம் பல நேரம் பக்கத்து வீட்டு அக்கா உருவத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு வருது. வாரச் சந்தாவை வாங்கிச் சேமிப்பது மட்டும் நம்ம குழுவின் வேலை இல்லை. ஒருத்தி விழும்போது இன்னொருத்தி தாங்குவதும் நாம் சேர்த்து வைத்த சேமிப்புதான்.