வேலையை விட்ட பிறகுதான் சைக்கிளா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று மூன்று தோழர்கள் மில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். மாலை போட்டாகிவிட்டது, பாராட்டியும் பேசியாகிவிட்டது. ஸ்பின்னிங் இலாகாவில் 34 வருஷம் நின்ற தோழர் நன்றி கூறும்போது, “இனி எனக்குச் சங்கு கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு மனம்போன பக்கம் போவேன்” என்றார். எல்லோரும் சிரித்துக் கைதட்டினீர்கள். நான் வேறு விஷயம் பேசுவதாகத்தான் வந்தேன். அது கிடக்கட்டும். அந்தத் தோழர் சொன்னதைப் பற்றியே பேசுகிறேன்.

34 வருஷமும் அவரிடம் சைக்கிள் இருந்தது. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. வீட்டிலிருந்து மில்லுக்கு 7 கிலோமீட்டர். திரும்பி வர 7. வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,200 கிலோமீட்டர். 34 வருஷத்துக்கு 1,42,800 கிலோமீட்டர்! பூமியை ஒரு முறை சுற்றினால் 40,000 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நம் தோழர் பூமியை மூன்றரை முறை சுற்றிவிட்டார். ஆனால் பக்கத்தில் இருக்கும் அணைக்கட்டை இன்னும் பார்க்கவில்லை என்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. போக அரை மணி, வர அரை மணி, நாளுக்கு ஒரு மணி நேரம். 34 வருஷத்தில் 10,200 மணி நேரம். எட்டு மணி ஷிப்டாகப் பிரித்தால் 1,275 ஷிப்டு. இதற்கு யாராவது கூலி கொடுத்தார்களா? எதிர்காற்றில் மிதித்ததற்கு, மழையில் நனைந்ததற்கு, அரை ராத்திரியில் நாய் துரத்தியதற்கு எந்த ரிஜிஸ்டரில் கையெழுத்து? அந்த ஓட்டத்தை அவரே சைக்கிள் ஓட்டிய கணக்கில் வைக்கவில்லை. மில் வேலையோடு சேர்த்துவிட்டார். அதனால்தான் “இனிமேல் ஓட்டுவேன்” என்கிறார்.

நான் கேட்பது இதுதான். தன் சைக்கிளைத் தன் இஷ்டத்துக்கு ஓட்ட ஒரு மனிதன் 58 வயது வரை காத்திருக்க வேண்டுமா? வேலையை விட்டால்தான் நேரமா?

பெரிய சம்பள உத்தியோகத்தை உதறிவிட்டு, சைக்கிளில் தேசம் சுற்றப் போனவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். நல்ல காரியந்தான், எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அவர் உதறியது உத்தியோகத்தை. பாங்குக் கணக்கை அல்ல. நமக்கோ வேலையை விடுவது என்றால் அடுப்பை அணைப்பது.

நாம் விடாமலே வேலை நம்மை விட்டுவிடுவதும் உண்டு. மில் கேட்டில் நோட்டீசு ஒட்டுகிறார்கள். மறுநாள் முதல் நேரத்துக்குக் குறைவில்லை! காலை முழுவதும் நேரம், மாலை முழுவதும் நேரம். கதவடைப்பில் கிடந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். அந்த மாதங்களில் யாராவது உல்லாசமாகச் சைக்கிள் விட்டீர்களா? வேலை தேடி ஓட்டினீர்கள். பிறகு சைக்கிளையே விற்றீர்கள். 1948-ல் இத்தாலியில் ‘சைக்கிள் திருடர்கள்’ என்று ஒரு சினிமா எடுத்தார்கள். போஸ்டர் ஒட்டும் வேலை. சைக்கிள் இருப்பவனுக்குத்தான் அந்த வேலை. அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க, வீட்டுக்காரி படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. அவ்வளவுதான் கதை. நம் ஆட்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. “எங்களுக்கு எந்த வயதில் மாலை போடுவார்கள்?” என்று கேட்கிறீர்கள். நியாயம். வயலில் ஓய்வு வயது கிடையாது. முதுகு வளையாத நாள் வந்தால் அதுதான் ஓய்வு. அறுப்பு முடிந்து கைகட்டி உட்காரும் மாதங்களை ஓய்வு என்று சொன்னால், பட்டினிக்கும் விரதத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றாகிவிடும். கூலியும் வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது ஓய்வு.

வேலையை விடாமலே சைக்கிளில் போன தொழிலாளிகள் உண்டா? உண்டு, தோழர்களே. இங்கிலாந்தில் 1850-ல் ஒரு சட்டம் வந்தது. நெசவாலை, நூற்பாலைகளில் பெண்களுக்கும் சிறு வயதினருக்கும் சனிக்கிழமை மத்தியானம் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்று. அரை நாள்! அந்த அரை நாள் பிறகு மற்றவர்களுக்கும் பரவியது. 1885-க்குப் பிறகு இன்று நாம் ஓட்டும் மாதிரி இரண்டு சக்கரமும் சமமான சைக்கிள் வந்தது; 1888-ல் காற்றடைத்த டயர் வந்தது. விலை இறங்க இறங்க, பழைய சைக்கிள்கள் தொழிலாளி கைக்கும் வந்தன. ‘கிளாரியன்’ என்று மான்செஸ்டரில் ஒரு சோஷலிஸ்டு வாரப் பத்திரிகை. 1894-ல் பர்மிங்ஹாம் நகரத்து இளம் வாசகர்கள் அந்தப் பெயரிலேயே ஒரு சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். ஓய்வு நாளில் கிராமங்களுக்குப் போவார்கள். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் கொடுப்பார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். (தேநீர் குடித்ததைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன்.) ஜெர்மனியில் 1896-ல் தொழிலாளர் சைக்கிள் சம்மேளனம் அமைந்தது, ‘ஒற்றுமை’ என்று பெயர். லட்சக்கணக்கில் அங்கத்தினர்கள். தங்களுக்கென்று சைக்கிள் தொழிற்சாலையே வைத்திருந்தார்கள். 1933-ல் ஹிட்லர் ஆட்சி அதைத் தடை செய்தது. சைக்கிள் விடுகிறவனைக் கண்டு அந்த ஆட்சிக்கு என்ன பயம்? சேர்ந்து போகிறவர்களைக் கண்டு பயம்.

ஆனாலும் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது பிரான்ஸ் விஷயம்.

1936 மே மாதம் அங்கே மக்கள் முன்னணி தேர்தலில் ஜெயித்தது. புது மந்திரிகள் நாற்காலியில் உட்காரும் வரை தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள், அதுவும் வெளியே வந்து நிற்கவில்லை, ஆலைக்கு உள்ளேயே தங்கிவிட்டார்கள். யந்திரங்களுக்கு நடுவில் படுக்கை. வெளியிலிருந்து குடும்பத்தார் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜூன் 7-ம் தேதி முதலாளிகள் சங்கம் இறங்கிவந்து கையெழுத்துப் போட்டது. அதே மாதத்தில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, வாரம் 40 மணி நேர வேலை. மற்றொன்று, வருஷத்துக்கு 15 நாள் சம்பளத்தோடு விடுமுறை.

சம்பளத்தோடு! இதைக் கவனியுங்கள். அந்தக் கோடையில் சாலைகளில் சைக்கிள்கள் புறப்பட்டன. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டை சைக்கிள். பின்னால் கூடாரத் துணி, சட்டி பானை. ரயிலில் போகிறவர்களுக்கு 40 சதவீதம் கட்டணக் குறைப்பும் வந்தது. கடலையே பார்த்திராத உலோகத் தொழிலாளியும் நெசவுத் தொழிலாளியும் அந்த வருஷம் கடல் பார்த்தார்கள். ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் லியோ லக்ராஞ்சு என்பவரைப் பொறுப்பில் போட்டார்கள். “சோம்பேறித்தன மந்திரி இலாகா” என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கேலி செய்தன. வருஷம் பூராவும் கடற்கரையில் இருந்தவர்களுக்கு, 15 நாள் வந்தவன் சோம்பேறியாகத் தெரிந்தான்!

15 நாள் முடிந்தது. எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். வேலை அங்கேயே இருந்தது. யாரும் வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஏறவில்லை. வேலையை வைத்துக்கொண்டே, வேலைக்குக் கெடு வைத்தார்கள். 40 மணி நேரத்தை 1938 நவம்பரில் அவசரச் சட்டங்கள் போட்டுத் தளர்த்திவிட்டார்கள். எதிர்த்து நடந்த பொது வேலைநிறுத்தம் தோற்றது. பலருக்கு வேலை போயிற்று. ஆனால் சம்பளத்தோடு விடுமுறையைப் பிடுங்க முடியவில்லை. அனுபவித்துப் பார்த்த ஜனங்கள் அதை விடவில்லை.

நம் நாட்டுக் கதை என்ன? 1911 சட்டத்தில் பஞ்சாலையில் வயது வந்த ஆணுக்கு நாளுக்கு 12 மணி நேரம். 1922-ல் வாரம் 60 மணி, 1934-ல் 54, 1946-ல் 48. 1948 தொழிற்சாலைச் சட்டம் அந்த 48 மணியை நிறுத்தி, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவும் எழுதிவைத்தது. மணி மணியாகக் கழற்றி எடுத்தது இது. எந்த முதலாளியும் தீபாவளி இனாமாகக் கொடுக்கவில்லை.

2023 ஏப்ரல் 21-ம் தேதி நம் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றினார்கள். அப்போது என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? “4 நாள் வேலை செய்தால் 3 நாள் ஓய்வு” என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓய்வு, சைக்கிள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்போல் தோன்றியது. ஆனால் ரிங் பிரேமுக்கு முன்னால் 12 மணி நேரம் நடந்தவனைக் கேளுங்கள். போக வர ஒரு மணி, சாப்பிட, குளிக்க இரண்டு மணி, மிச்சம் 9. தூங்கினால் பிள்ளை முகம் பார்க்க முடியாது; பிள்ளை முகம் பார்த்தால் தூக்கம் இல்லை. நாலு நாள் இப்படிக் கழிந்தால், ஐந்தாம் நாள் சைக்கிள் மிதிக்கக் கால் எங்கே இருக்கிறது? சங்கங்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. 24-ம் தேதி நிறுத்திவைத்தார்கள். மே முதல் தேதி வாபஸ் என்று அறிவித்தார்கள். பத்தே நாள்!

தாய்மார்கள் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்கு வேலையை விடுவது என்பதே இல்லை. மில்லை விட்டால் அடுப்படி. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. அந்த மிச்ச நேரம் அவர்களுடையதாக இருந்ததா, அல்லது தண்ணீர்க் குடத்துக்கும் விறகுக்கும் போயிற்றா? புருஷர்கள் வீட்டில் யோசித்துப் பார்க்கட்டும்.

மில் ஹாஸ்டல்களில் இருக்கும் பெண் பிள்ளைகளையும் நினையுங்கள். பதினோராம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த சைக்கிள் ஊரில் சுவரோரம் சாத்திக் கிடக்கிறது. பிள்ளை மில் வளாகத்தில் கிடக்கிறது. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிச் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் கூட்டிவந்தார்கள். பெயர் மாறலாம். வாசலைத் தாண்ட வார்டன் அனுமதி வேண்டும் என்றால், வாரத்தில் ஒரு நாள் லீவு விட்டும் என்ன பிரயோஜனம்?

இனி ஓய்வு பெறுகிறவர்களிடம் வருகிறேன். 2014 செப்டம்பரில் பிராவிடண்டு பண்டு பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் அரிசி, மருந்து, பேரப்பிள்ளைக்குப் பலகாரம் எல்லாம் போக, டயருக்கும் டியூபுக்கும் என்ன நிற்கும்? 34 வருஷம் பஞ்சுத் தூசி சுவாசித்த நெஞ்சு மேட்டில் ஏறுமா? இதையெல்லாம் மாலை போடும் நாளில் சொல்லலாமா என்று ஒரு தோழர் என் காதோரம் கேட்டார். மாலை போடும் நாளில்தான் எல்லோரும் வந்திருக்கிறீர்கள்.

அடுத்த மாதம் கோரிக்கைகள் எழுதப்போகிறோம். கூலி உயர்வு முதலில் இருக்கும், இருக்க வேண்டியதுதான். அதன் பக்கத்தில் இவற்றையும் எழுத வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சங்கு ஊதியதும் ஷிப்டு முடிய வேண்டும்; அடுத்த ஷிப்டு ஆள் வரவில்லை என்று நிறுத்திவைக்கக் கூடாது. சேர்ந்த லீவைக் காசாக வாங்கும்படி நெருக்காமல், லீவாகவே கொடுக்க வேண்டும். ஹாஸ்டல் பெண்களுக்கு வார லீவு நாளில் வெளியே போக யார் அனுமதியும் தேவையில்லை. சைக்கிள் நிறுத்தக் கூரை வேண்டும். மானேஜர் காருக்கு இருக்கிறது. வயல் வேலைத் தோழர்கள் தங்கள் கோரிக்கையில் வேலை நேரத்தைக் கடிகாரக் கணக்கில் எழுதட்டும். பொழுது சாயும் கணக்கு வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்திலிருந்து அணைக்கட்டுக்குச் சைக்கிளில் போவதாகச் சில இளம் தோழர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். இன்று ஓய்வு பெற்ற தோழர்கள் முன்னால் போவார்கள். ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள் தூங்கப் போகட்டும். அவர்களுக்காக அடுத்த ஷிப்டு மாற்றத்தில் இன்னொரு முறை போகலாம். பெண்களும் வரலாம், அன்றைக்குக் காலைச் சமையலை ஆண்கள் முந்தின இரவே முடித்துவைக்கட்டும். பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் சங்கத்தில் இருக்கின்றன. பெயர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேஜையருகே வாருங்கள்.