பந்தோடு பம்பும் வைக்கணும்

(சந்திப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பெரிய விஷயம் எதுவும் என்னிடம் இல்லை. ஷூ வாங்கினால் ஒரு அட்டைப்பெட்டி தருவாங்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரத்தில். நவம்பர் மாதம் வந்தால் அங்குள்ள தேவாலயங்களில் ஷூ பெட்டிகள் குவியும். உள்ளே பொம்மை, நோட்டு, பென்சில், சோப்பு, சீப்பு. வசதியில்லாத குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இவை வெளிநாடுகளுக்குப் போகின்றன.

1989 டிசம்பரில் ருமேனியாவில் ஆட்சி கவிழ்ந்தது. அங்கிருந்த அநாதை இல்லங்களின் நிலையைத் தொலைக்காட்சியில் பார்த்த வேல்ஸ் தம்பதியர் 1990-இல் ஆரம்பித்த முயற்சி இது. 1993 முதல் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற அமெரிக்கக் கிறித்துவத் தொண்டு நிறுவனம் நடத்துகிறது. இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

1996-இல் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா என்னையும் ஒரு பெட்டி கட்டச் சொன்னார். நாம் திருநீறு பூசுகிற குடும்பம்தான்; குழந்தைக்குக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று சம்மதித்தேன். அலமாரியைத் திறந்தேன். என் மகள் பாதி தேய்த்த கலர் பென்சில்கள், ஹோட்டலில் கொடுத்த குட்டி சோப்பு, ஒரு கால் செருப்பு இல்லாத பொம்மை எல்லாம் உள்ளே போயின. வீடும் சுத்தமாச்சு, புண்ணியமும் ஆச்சு!

பாட்டியம்மா திறந்து பார்த்தார். பொம்மையை மட்டும் வெளியே எடுத்து, "இதை உன் மகளோட பிறந்தநாளைக்குக் கொடுப்பியா?" என்று கேட்டார். கோபமே இல்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது.

ஏன் எரிந்தது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லலாம். இதே விடுதியில் உதவிப் பணத்தில் படித்தவள் நான். ஒரு தீபாவளிக்கு யாரோ கொடுத்தனுப்பிய பழைய ரவிக்கையில் இரண்டு கொக்கி இல்லை. ஊக்கு குத்திக்கொண்டு போட்டேன். அந்த ஊக்கு குத்தியதை நானே மறந்துவிட்டேனே என்றுதான் வெட்கம்.

மறுநாள் பாட்டியம்மாவோடு கடைக்குப் போனேன். முதலில் வயதைத் தீர்மானிக்க வேண்டும்: 2 முதல் 4, 5 முதல் 9, 10 முதல் 14. ஆணா பெண்ணா என்பதும் பெட்டிமேல் எழுத வேண்டும். சின்னப் பெண் குழந்தைக்கு எல்லாரும் ஆசையாகக் கட்டுவார்கள்; 10 வயசுக்கு மேற்பட்ட பையன்களுக்குத்தான் பெட்டி குறையும். நான் பையனுக்கு ஒரு கால்பந்து எடுத்தேன். "பம்பு எங்கே?" என்றார் பாட்டியம்மா. காற்றை இறக்கினால்தான் பந்து பெட்டியில் அடங்கும். அங்கே போனபின் காற்றடிக்க என்ன வழி? பென்சில் வைத்தால் துருவியும் வைக்கணும். பொருள் புதிதாக இருக்கணும். முன்பு மிட்டாய், பற்பசை வைக்கலாம், இப்போது அனுமதியில்லை. திரவமும் போர் பொம்மையும் கூடவே கூடாது.

"அனுப்பும் செலவுக்கு அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக் கொடுக்கலாமே" என்பார் என் கணவர். நியாயமான கேள்வி, பல இடங்களில் அதுவே சிறந்த வழியாக இருக்கும். பரிசோடு கிறித்துவ சமயப் புத்தகமும் தரப்படுவதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதையும் தெரிந்தேதான் கட்டுகிறேன். முகம் தெரியாத ஒரு பையனுக்காக ஒரு சாயங்காலம் முழுக்க யோசிக்கும் பழக்கத்தை என் மகள் அந்த மேசையில்தான் கற்றாள். அதை விட மனசில்லை.

பம்பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1977-இல் தேர்வுக்கு முந்தின ராத்திரி என் பேனா உடைந்துபோனது. மூன்றாமாண்டு அக்கா ஒருவர் புது ஹீரோ பேனா கொடுத்தார். மை ஊற்றி, எழுதிப் பார்த்து, மூடியைத் துடைத்துக் கொடுத்தார். பேனாவை மட்டும் கொடுத்திருந்தால் மைக்கு யாரிடம் போய் நின்றிருப்பேன்?

நம் சங்கம் விடுதியில் புதிதாகச் சேரும் மாணவிகளுக்காகப் பொருள் சேர்க்கப் போவதாக அறிகிறேன். தோழியரே, அலமாரியைத் திறக்க வேண்டாம். ஒரே ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வாளி வாங்கினால் குவளையும் வாங்குங்கள். பூட்டு வாங்கினால் இரண்டு சாவியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாணவிகளே, வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். நானும் வாங்கியவள்தான். நாளை உங்கள் கை கொடுக்கும்போது, பந்தோடு பம்பும் வையுங்கள்.