கேட்கும் கையும் கணக்கு காட்டும் கையும்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

யானை நலனுக்கு நிதி திரட்டுவதைப் பற்றி நாசரேத்தில் வந்து பேச என்ன இருக்கிறது என்று யாராவது நினைக்கலாம். பனையும் தேரிமணலும் உள்ள ஊர் இது. காட்டு யானை இங்கே எட்டிப் பார்க்காது. ஆனால் திருச்செந்தூர் கோயில் யானை தெய்வானையைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டார்கள். நம் குளங்களுக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர் பொதிகை மலையில் பிறக்கிறது. அந்த மலைப் பகுதியில் 1,197 சதுர கிலோமீட்டரை 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமாக அரசு அறிவித்தது. யானை நடக்கிற காட்டுத் தண்ணீரில்தான் நம் வாழை குலை தள்ளுகிறது.

யானையின் பெருமையைப் பேச நான் வரவில்லை. அதை என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியத்துக்குக் காசு கேட்பது எப்படி, வந்த காசை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதைத்தான் பேசப்போகிறேன்.

கேட்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் கூச்சப்படத் தேவையில்லை. சோறு பொங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று தனியே எடுத்து வைத்த பாட்டிமார்களின் வாரிசுகள் நீங்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணத்தில் நம் ஆட்களே நடத்துவோம் என்று துணிந்தார்கள். அதில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நம் தேவாலய அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோழிமுட்டையை ஆயிரக்கணக்கில் ஏலம் கேட்கிறவரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இதே முட்டை ஏலத்தை லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒருவர் நடத்தினார் என்றால் நம்புவீர்களா? பெயர் மார்க் ஷாண்ட். 1988இல் ஒடிசாவில் தாரா என்ற பெண் யானையை வாங்கி, அதன்மேல் ஏறிச் சோன்பூர்ச் சந்தை வரை பயணம் போன ஆங்கிலேயர். ஆசிய யானைகளைக் காக்க 2002இல் 'எலிஃபன்ட் ஃபேமிலி' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். கலைஞர்களைப் பெரிய பெரிய முட்டைகளை அலங்கரிக்கச் செய்து, நகரத் தெருக்களில் வைத்து, பிறகு ஏலம் விட்டார். 2014 ஏப்ரலில் நியூயார்க்கில் அப்படி ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சி முடிந்த இரவு கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனார். செல்வர்கள் கூடும் இடத்தில் செல்வரே போய்க் கேட்டார்; கிடைத்தது. அந்த வழி நமக்கு எட்டாது, எட்ட வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

நமக்கு எட்டுகிற வழி நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது.

நீலகிரிக் காடுகளை உண்ணிச்செடி மூடிக்கொண்டிருப்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவார்கள். அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அமெரிக்கச் செடி. அது புதராக மண்டிய இடத்தில் புல் வளராது. புல் இல்லாவிட்டால் யானை ஊருக்குள் வரும். இந்தச் செடியின் தண்டை வெட்டி, வேகவைத்துத் தோலுரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்துக் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் மக்கள். மனம்போனபடி செய்த பொம்மைகள் அல்ல அவை. இன்ன யானைக்கு இன்ன தந்தம், இன்ன காது என்று, தங்களோடு அக்கம்பக்கத்தில் வாழும் நிஜ யானைகளைப் பார்த்துச் செய்தவை. அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024 ஜூலையில் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இறங்கி, செப்டம்பரில் நியூயார்க், டிசம்பரில் மயாமி என்று ஊர் ஊராகப் போயின. விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான வேலைகளுக்குப் போகிறது; செய்தவர்களுக்குக் கூலி கிடைக்கிறது; காட்டில் உண்ணிச்செடியும் கொஞ்சம் குறைகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, அங்கே யாரும் பரிதாபத்தை விற்கவில்லை என்பதுதான். காயம்பட்ட யானையின் படத்தைக் காட்டிக் கண்ணீரோடு கேட்டால் ஒருமுறை காசு விழும், மறுமுறை விழாது. யானையோடு வாழ்கிறவரின் கைத்திறனுக்கு விலை கேட்டால் அது வியாபாரம்போல் நிலைக்கும். இதைச் சொல்ல கூடலூர் வரை போயிருக்கவே வேண்டாம். தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை இந்த ஊரில் சேர்த்துக்கொண்ட மிஷனரி மர்காஷிஸ் ஐயர், கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. 1878இல் தொழிற்பள்ளி தொடங்கிக் கையில் தொழிலைக் கொடுத்தார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு மூட்டுவலி என்று 2022இல் பக்தர்கள் தோல் செருப்பு செய்து கொடுத்தார்கள். செய்தித்தாள்களில் படம் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். 2025 ஜனவரியில் காந்திமதி இறந்தது. செருப்பைக் குறை சொல்ல மாட்டேன், அன்பு இல்லாமல் அது வந்திருக்காது. ஆனால் படத்தில் தெரிகிற பொருளுக்குச் சுலபமாகச் சேருகிற காசு, தெரியாத வேலைகளுக்குச் சேருவதில்லை. சிமென்ட் தரையைப் பெயர்த்து மண் தரை போடுவது, நகத்தைத் தவறாமல் சீவிச் சுத்தம் செய்வது, தினம் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாத தீவனம், நடக்க இடம். இவற்றை யார் படம் எடுக்கிறார்கள்?

பாகனை யாருமே படம் எடுப்பதில்லை. 2024 நவம்பர் 18 அன்று தெய்வானை தாக்கி அதன் பாகனும் அவருடைய உறவினரும் இறந்தார்கள். அந்த வாரம் முழுக்க யானையைப் பற்றியே பேசினோம். யானை நலன் என்ற பெயரில் எங்கே ரசீது புத்தகம் அச்சடித்தாலும், அதில் பாகனின் காப்பீடும் அவர் பிள்ளையின் படிப்பும் ஓர் இனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காசைப் போலவே ஆளும் வேண்டும். தொண்டர்களை நடத்துவது பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஏதும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். யாரும் அவர்களைத் தலைவர் என்று நியமிக்கவில்லை. உங்களில் பலரும் அந்த நாட்களில் படகிலும் டிராக்டரிலும் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோயிருப்பீர்கள். வெள்ளத்துக்கு ஆள் தானாக வரும். வெள்ளம் வடிந்த பிறகும் மாதாமாதம் வருகிற ஆளைச் சேர்ப்பதுதான் பாடு. யானை அறுபது வருஷம் வாழும். உங்கள் ஆர்வம் எத்தனை வருஷம்?

வணிகவியல் படித்தவர்கள் இங்கே அதிகம் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். நல்லதாகப் போயிற்று. விலங்கு நலத் தொண்டில் பாசக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான் பஞ்சம். பணப்பெட்டி ஒருவர் கையில், கணக்குப் புத்தகம் இன்னொருவர் கையில் இருக்கட்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். கொடுத்தவர் வரிவிலக்குச் சான்று கேட்டால் அதற்கான வருமான வரிப் பதிவு இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதில் நிர்வாகச் செலவு இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய இனங்களைச் சொல்லும் 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விலங்கு நலனும் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்ட இது உங்களுக்குப் போதும். போகும்போது யானைப் படம் வேண்டாம், தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையைக் கொண்டுபோங்கள்.

இந்தக் கல்லூரியை விட்டு எந்த ஊருக்குப் போனாலும், நாலு பேர் சேர்ந்து இந்த ஆண்டுக்குள் ஒரே ஒரு பாகனின் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கட்டுங்கள். அடுத்த ஆண்டும் கட்டுங்கள். ரசீது புத்தகத்தை முதலில் என்னிடம் நீட்டுங்கள். முதல் தொகையை நான் எழுதுகிறேன்.